எடைப் பட்டியலில் இல்லாதவை

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மாற்றல் ஒருவழியாகச் சொந்த ஊருக்கே கிடைத்ததில் சந்தோஷம். அம்மாவின் கண் ஆபரேஷன் முடிந்ததும் ஒரு வரி எழுது.

முதலில் அந்த எட்டாம் வகுப்புப் பையன். உன் பள்ளியில் யார் யார் பருமன் என்று பார்க்க நீ எடுத்த எடைப் பட்டியலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, "ஒருத்தன் முட்டி வலி என்று நொண்டிக்கொண்டே ஓடுகிறான், சோம்பேறி" என்று கடைசியில் சேர்த்திருந்தாய். ஓடவிடாதே என்று போனில் சொன்னேன், காரணத்தை இங்கே எழுதுகிறேன். பருமனான பிள்ளைகளுக்குப் பத்து முதல் பதினாறு வயதுக்குள் தொடை எலும்பின் உருண்டைத் தலை, எலும்பு நீளும் குருத்தெலும்பான வளர்ச்சித் தட்டு இருக்கும் இடத்தில் வழுக்கிவிடுவதுண்டு. கோனிலிருந்து ஐஸ்கிரீம் சரிகிற மாதிரி. கோளாறு இடுப்பு மூட்டில்தான், ஆனால் இடுப்புக்கும் முட்டிக்கும் நரம்பு பொதுவாக இருப்பதால் வலி தொடையிலோ முட்டியிலோ தெரியும். முட்டியை எக்ஸ்ரே எடுத்து, ஒன்றுமில்லை என்று தைலம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வாரக்கணக்கில் நாள் போய்விடும். நடக்கும்போது அந்தக் கால் பாதம் வெளிப்பக்கம் திரும்புகிறதா என்று பார். இரண்டு இடுப்பையும் நேராக ஒன்று, முட்டியை மடக்கி வெளிப்பக்கம் விரித்த தவளை நிலையில் ஒன்று என எக்ஸ்ரே எடுக்கச் சொல். வழுக்கியிருந்தால் அன்றிலிருந்து கால் ஊன்றக் கூடாது, திருகாணி போட்டு நிறுத்த வேண்டும். தாமதித்தால் அந்த எலும்புத் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று எலும்பே செத்துப்போகலாம். மறு பக்கமும் பின்னால் வழுக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சரிசெய்ததும் கண்காணிப்பை விட்டுவிட முடியாது.

இனி உன் பட்டியல். எடை மட்டும் எழுதியிருக்கிறாய், உயரம் இல்லாமல் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. எடையை கிலோவில் எடுத்து, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகு. 140 செ.மீ., 49 கிலோ உள்ள 11 வயதுப் பையனுக்கு 25 வரும். பெரியவர்களுக்கு 25 என்றால் உலக சுகாதார நிறுவனக் கணக்கில் கொஞ்சம் கூடுதல், 11 வயதில் அது பருமனேதான். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் வெளியிட்ட 5-18 வயது வளர்ச்சி வரைபடத்தில் ஆண், பெண் இருவருக்கும் தனித்தனிக் கோடுகள் உண்டு. அதில் வைத்துப் பார். கூடவே ஒரு டேப். வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கை கால் ஒல்லியாகவும் வயிறு மட்டும் முன்னால் தள்ளியும் இருக்கும் பிள்ளைகள் நம் நாட்டில் அதிகம், அவர்கள் எடைக்கருவிக்குத் தப்பிவிடுவார்கள். எடை குறைவாகப் பிறக்கும் இந்தியக் குழந்தைகளுக்கும் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதல் என்பதைப் புனேயில் யாஜ்னிக் என்ற மருத்துவ ஆய்வாளரின் குழுவினர் காட்டியிருக்கிறார்கள்.

குண்டாகவும் வயதுக்கு மீறிய உயரமாகவும் இருந்தால் பெரும்பாலும் சாப்பாட்டால் வந்தது. குண்டு, ஆனால் குட்டை, வளர்த்தியும் நின்றுபோயிருக்கிறது என்றால் தைராய்டு அல்லது அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி) கோளாறாக இருக்கலாம், அவர்களை முதலில் டாக்டரிடம் அனுப்பு.

பிறகு பிடரியைப் பார். வெல்வெட் போல் தடித்த கருப்பு, அக்குளிலும் இருக்கும். வீட்டில் அழுக்கு என்று பீர்க்கங்கூடு போட்டுத் தேய்ப்பார்கள். இன்சுலின் வேலை செய்யாமல் ரத்தத்தில் மிகுந்துபோய்த் தோலைத் தூண்டுவதால் வருவது அது, தேய்த்தால் புண்தான் மிச்சம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100-125, அல்லது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7-6.4 என்றால் சர்க்கரை நோயின் வாசல், 126 அல்லது 6.5 தொட்டால் நோய். சின்ன வயதில் வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை பெரியவர்களுடையதைவிட முரட்டுத்தனமானது. கணையம் சீக்கிரம் களைத்துவிடும், சிறுநீரகமும் கண்ணும் முன்னதாகவே கெடும்.

வகுப்பில் தூங்கி வழிகிறவனை மந்தம் என்று முடிவு கட்டாதே. இரவில் குறட்டை விடுகிறானா, நடுவில் மூச்சு நிற்கிறதா, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கியதா என்று அம்மாவைக் கேள். டான்சிலோடு கழுத்துக் கொழுப்பும் சேர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது. தலைவலியோடு பார்வை மங்கினால் கண்ணாடிக் கடையோடு நின்றுவிடாமல் விழித்திரையைப் பார்க்கச் சொல். மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருந்தால் அங்கே தெரியும்.

ரத்த அழுத்தத்தில் தவறு கருவியிலேயே தொடங்குகிறது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் அளவு பொய்யாகக் கூடும். உள்ளே இருக்கும் காற்றுப்பை புயத்தின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வர வேண்டும். 13 வயதுக்கு மேல், மூன்று வெவ்வேறு நாளில் 130/80 அல்லது கூடுதல் என்றால் உயர் அழுத்தம். கல்லீரல் கொழுப்புக்கு வலியே கிடையாது, எஸ்ஜிபிடி என்ற ரத்தப் பரிசோதனை பார்த்தால்தான் தெரியும். பல ஆய்வுக்கூடங்கள் 40 வரை நார்மல் என்று அச்சிடும். பையன்களுக்கு 26, பெண்களுக்கு 22 தாண்டினாலே நான் கவனிப்பேன்.

பெண் பிள்ளைகளிடம் ஓர் ஆசிரியை கேட்கட்டும்: வயதுக்கு வந்து ஓராண்டு கடந்தும் மாதவிலக்கு 90 நாளுக்கு மேல் தள்ளிப்போகிறதா, முகத்தில் ரோமம் கூடுகிறதா என்று.

எடையை வரிசையில் நிறுத்தி உரக்கப் படிக்காதே. "குண்டு" என்ற பட்டப்பெயர் அங்கேதான் பிறக்கும். அப்புறம் அந்தப் பிள்ளை மைதானத்துக்கே வராது.

பெற்றோர் பட்டினி போடக் கிளம்புவார்கள், தடுத்துவிடு. வேகமாக இளைத்தால் பித்தப்பையில் கல் வரும். வளர்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் எடை ஏறாமல் நின்றாலே போதும். அந்த 49 கிலோப் பையன் 150 செ.மீ. ஆகும்போது கணக்கு 21.8-க்கு இறங்கிவிடும். முதலில் குளிர்பானத்தை நிறுத்தட்டும், 250 மி.லி. பாட்டிலில் ஐந்தாறு டீஸ்பூன் சர்க்கரை. தினம் 60 நிமிடம் மூச்சு வாங்கும் விளையாட்டு, 12 வயது வரை ஒன்பது மணி நேரமாவது தூக்கம். பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டம் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி இருக்கிறது, தலைமையாசிரியரிடம் காட்டு. பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுப்பதையும் நீதான் நிறுத்த வேண்டும்!

பட்டியலைத் திருத்தி அனுப்பு. பெயர் வேண்டாம். வயது, ஆணா பெண்ணா, உயரம், எடை, வயிற்றுச் சுற்றளவு, பிடரி கருத்திருக்கிறதா, இவ்வளவு போதும்.

அன்புடன்,
முத்துக்குமார்