கம்பெனி வக்கீலாகப் போகும் கல்பனாவுக்கு

அன்புள்ள கல்பனா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஐகோர்ட் பிராக்டிஸை விட்டு ஓ.எம்.ஆரில் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போகிறாய் என்றதும் ரொம்ப சந்தோஷம். அங்கே முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய்.

சேர்ந்ததும் பார் கவுன்சிலுக்கு எழுதிவிடு. முழுநேரச் சம்பள வேலையில் இருக்கும்வரை பிராக்டிஸ் கூடாது என்பது 49ஆம் விதி. இதன் விளைவு பெரிது. வக்கீலும் கட்சிக்காரரும் பேசியதை வெளியிடாமல் காக்கும் புதிய சாட்சியச் சட்டம் 132ஆம் பிரிவின் பாதுகாப்பு கம்பெனியின் சம்பள வக்கீலுக்குக் கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது. 134ஆம் பிரிவு காப்பதும் கம்பெனியின் வெளி வக்கீலோடு நடக்கும் கடிதப் போக்குவரத்தைத்தான். வழக்கு வரும் போலிருந்தால், தவறு யாருடையது என்ற அலசலை நீ மெயிலில் எழுதாதே. வெளி வக்கீல் மூலம் நடத்து.

அதிகம் தலைவலி தரப்போவது டேட்டா கசிவு ஷரத்து. 'கசிவு நடந்தால் 24 மணி நேரத்தில் தெரிவிப்போம்' என்று வாடிக்கையாளரிடம் சேல்ஸில் ஒத்துக்கொண்டு வந்திருப்பார்கள். அந்த 24 மணி எப்போது தொடங்குகிறது? கசிவு நடந்தபோதா, சந்தேகம் வந்தபோதா, உறுதியானபோதா? 'உறுதியான பிறகு' என்று எழுதி வாங்கு. ஆனால் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு அவ்வளவு அவகாசம் தராது. கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். ராத்திரி 2 மணிக்கு அலர்ட் வந்தால் இன்ஜினியர்கள் சரிசெய்வதில்தான் மூழ்குவார்கள், அது இயல்பு. விடிந்து உன் காதுக்கு எட்டும்போது நேரம் முடிந்திருக்கும். யார் உன்னை எழுப்புவது, யார் செர்ட்-இன்னுக்கு மெயில் போடுவது என்று பெயரும் போன் நம்பருமாக ஒரே பக்கத்தில் எழுதி, அவர்கள் கையில் கொடு. சர்வரை அழித்து மறுபடி ஏற்றுவதற்கு முன் லாகை, அதாவது சர்வரில் நடந்ததன் பதிவை, காப்பி எடுக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். அதே உத்தரவு 180 நாள் லாக் வைத்திருக்கச் சொல்கிறது. செலவைக் குறைக்க 30 நாளில் தானாக அழியும்படி வைத்திருக்கிறார்களா என்று இன்ஜினியர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கிரீனிலேயே பார், வாய்வார்த்தை போதாது.

அடுத்து சாஃப்ட்வேர் கோடின் உரிமை. ஊழியர் வேலையாக எழுதியது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கம்பெனிக்கே சேரும். ஃப்ரீலான்சர் எழுதியதற்கு அவர் கையெழுத்திட்ட உரிமை மாற்றப் பத்திரம் வேண்டும். அதில் காலம் போடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டம் 19(5)இன்படி 5 வருஷம்தான். இடம் போடாவிட்டால் 19(6)இன்படி இந்தியாவுக்குள் மட்டும். மாற்றிய உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, 19(4)இன்படி அது காலாவதி. 'உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும், 19(4) பொருந்தாது' என்ற மூன்றும் இருக்கிறதா என்று பழைய ஒப்பந்தங்களையும் எடுத்துப் பார். இல்லாத இடத்தில் இப்போதே புதிதாகக் கையெழுத்து வாங்கிவிடு. முதலீட்டாளரின் வக்கீல் கேட்கும் நேரத்தில் அந்த ஃப்ரீலான்சர் எங்கே இருப்பாரோ.

சர்வர் 99.9 சதவீதம் ஓடும் என்று வாக்குக் கொடுத்தால், மாதத்துக்குச் சுமார் 43 நிமிடம்தான் நிற்கலாம். பராமரிப்பு நேரம் அதில் சேருமா என்பதைத் தெளிவாக எழுது.

கேள்வி வந்தால் கோர்ட் மனு போல் பதில் எழுதாதே. முதல் வரியிலேயே ஆகும், ஆகாது, அல்லது இந்த மாற்றத்தோடு ஆகும் என்று சொல்லிவிடு; காரணம் கீழே வரட்டும்.

உங்கள் வாடிக்கையாளர்கள் எந்த நாட்டில் அதிகம் என்று எழுது. அமெரிக்க ஆஸ்பத்திரிகள் என்றால் நோயாளிகளின் தகவலைக் காக்கும் அவர்கள் சட்டமான ஹிப்பா பற்றித் தனியாக எழுதுகிறேன்.

அன்புடன்,
மீனா