குணமாகாதவர் மீது குற்றம் சுமத்தலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெபத்தினால் கிடைக்கும் தெய்வீக சுகம் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, குணமடைந்தவர்களின் சாட்சிகளை விரிவாக எடுத்துரைத்தது. குணமடையாதவர்களைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: அவர்களுக்கு விசுவாசம் போதவில்லையாம். ஜெபத்தில் உறுதியான நம்பிக்கை உள்ளவனாகவும், நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் குழுவொன்றில் பல ஆண்டுகளாக இருப்பவனாகவும், அந்த ஒரு வரியை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

தெய்வீக சுகத்துக்கு ஆதாரமாகப் பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவது பைபிளின் புதிய ஏற்பாட்டிலுள்ள யாக்கோபு நிருபத்தின் (கடிதத்தின்) 5ஆம் அதிகாரம். வியாதிப்பட்டவன் சபையின் மூப்பர்களை வரவழைக்க வேண்டும், அவர்கள் கர்த்தருடைய நாமத்தினாலே எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும், விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்கிறது அது. அந்த ஜெபத்தைச் செய்கிறவர்கள் மூப்பர்கள். படுக்கையில் கிடப்பவனிடம் அவ்வசனம் கேட்பதோ ஆளனுப்பி அழைப்பதை மட்டுமே. அப்படியிருக்க, ஜெபித்தவர்கள் எழுந்து போய்விட, பலிக்காத ஜெபத்துக்கு நோயாளி மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் வியாதியாய்க் கிடந்தவனுக்குத் தன்னைக் குணமாக்கியவர் இயேசு என்பதே தெரிந்திருக்கவில்லை என்று யோவான் தம் நற்செய்தியில் எழுதுகிறார். இயேசுவின் சொந்த ஊரான நாசரேத்தில் அவிசுவாசத்தினால் அற்புதங்கள் தடைபட்டனவே என்று சிலர் கேட்கக்கூடும். மாற்கு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் குறை கூறுவது, அவரைத் தச்சன்தானே என்று இகழ்ந்த ஊராரை. அங்கேயும் சில நோயாளிகள்மேல் அவர் கைகளை வைத்துக் குணமாக்கினார் என்றுதான் இருக்கிறது. அப்போஸ்தலனாகிய பவுலோ தம் மாம்சத்தில் இருந்த முள் (தம்மை வருத்திய ஒரு துன்பம்) நீங்கும்படி மூன்று தரம் வேண்டியும், 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற பதிலையே பெற்றார்; தம் உடன் ஊழியனான துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டு வந்ததையும் அவரே எழுதியிருக்கிறார். இவர்களுடைய விசுவாசத்தை அளக்க யாரும் துணிவதில்லை. சாதாரண நோயாளி என்றால் மட்டும் அளவுகோல் கைக்கு வந்துவிடுகிறது.

பிரான்ஸ் நாட்டின் லூர்து திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் செல்கின்றனர். அங்கே குணமடைந்ததாகக் கூறுபவர்களை மருத்துவர்கள் ஆராய்ந்த பிறகே திருச்சபை முடிவு சொல்கிறது. 1858இல் மரியன்னையின் காட்சி அருளப்பட்டதாகக் கூறப்படும் அத்தலத்தில், 70ஆவது குணமளிப்பு 2018இல்தான் அற்புதமாக அறிவிக்கப்பட்டது. நோயோடு திரும்பிய ஏனையோர் அனைவரையும் விசுவாசமற்றவர்கள் என்று சொல்ல முடியுமா?

அந்த ஒரு வரி செய்யும் கேட்டை வீடுகளில் காண்கிறேன். ஜெபக்குழு வரும் சத்தம் கேட்டதும், சர்க்கரை நோய்க்கான மாத்திரை டப்பாவைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, எதுவும் நடவாததுபோல் கைகூப்பிய ஒரு மூதாட்டியை அறிவேன். மருந்து சாப்பிடுவது தெரிந்தால் விசுவாசக் குறைவு என்பார்களோ என்ற அச்சம் அவருக்கு. பழைய ஏற்பாட்டில், நோயுற்ற எசேக்கியா ராஜாவின் ஜெபத்தைக் கேட்டுக் கர்த்தர் அவன் ஆயுளைக் கூட்டியபோதே, அவனுடைய பிளவையின்மேல் (கட்டியின்மேல்) அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி என்பதை அம்மூதாட்டிக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

ஆகவே, சுகமளிக்கும் ஜெபம் குறித்து இனி கட்டுரை வெளியிடும்போது, ஜெபித்தும் குணமாகாமல், விசுவாசத்தையும் விடாமல், சிகிச்சையையும் நிறுத்தாமல் வாழ்கிறவர்களின் சாட்சிகளுக்கும் இடமளிக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்