கோரிக்கை மனு: கடற்கரை மணல்மேட்டு நன்னீரைக் காத்து, ஊருணியைத் தூர்வாரித் தர வேண்டுதல்

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள், கடலாடி வட்டக் கடலோரக் கிராமம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், இராமநாதபுரம்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

திருச்சிப் பக்கமிருந்து குழாய் வழியே வரும் காவிரி நீர் இம்மாவட்டத்துக்குப் பெரும் ஆறுதல் என்றாலும், கடைக்கோடியில் உள்ள எங்கள் ஊருக்கு அது நாள்தோறும் எட்டுவதில்லை. எட்டாத நாள்களில் கைகொடுப்பது மணல்மேட்டு ஊற்றுதான். இடுப்பளவு தோண்டிய குழியில் மெல்லச் சுரக்கும் நீரைப் பெண்கள் சிரட்டையால் மொண்டு, துணியில் வடிகட்டி, குடங்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி வருகிறார்கள்.

சில காலமாக அம்மேட்டை ஒட்டித் தனியார் சிலர் ஆழ்துளைக் கிணறு போட்டு, இரவு பகலாக மோட்டார் ஓட்டி, லாரியில் தண்ணீர் விற்கிறார்கள். ஊற்று நீர் கரிக்கத் தொடங்கிவிட்டது. அதில் பருப்பு வேகவில்லை. கடலோர மணலுக்கடியில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதன் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி இருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். அந்த 1 அடியை உறிஞ்சிவிட்டால் காலப்போக்கில் உப்பு 40 அடி மேலேறிவிடும். ஏறிய உப்பு இறங்கப் பல மழைக்காலங்கள் வேண்டும் என்பதே எங்கள் பெருங்கவலை.

உலகின் மொத்த நீரில் நன்னீர் ஏறத்தாழ 2.5 விழுக்காடே, அதிலும் பெரும்பங்கு பனியாக உறைந்து கிடக்கிறது. நிலத்தடி நீரை மிக அதிகமாக எடுக்கும் நாடும் நம்முடையதே. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதைக் கண்டோம். கடல்நீரைக் குடிநீராக்கலாம்தான், ஆனால் 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை மின்சாரம் செலவாகும். மழை இலவசமாகத் தரும் நீரை இழந்துவிட்டு அதை நாடுவது முறையல்ல என்று கருதுகிறோம்.

எனவே, மணல்மேட்டைச் சுற்றி விற்பனைக்காக நீர் உறிஞ்சுவதை உடனே நிறுத்தவும், ஊற்று நீரின் உப்பளவைப் பருவந்தோறும் சோதித்து ஊராட்சி அலுவலகத்தில் அறிவிக்கவும், சீமைக் கருவேலம் மண்டித் தூர்ந்துபோன ஊருணியையும் அதன் வரத்துக்காலையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் சீரமைக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். மழை தொடங்கிய பின் வரத்துக்காலை வெட்டினால் ஓராண்டு நீர் கடலுக்குப் போய்விடும் என்பதால், காலத்தை முதன்மையாகக் கருத வேண்டுகிறோம். தூர்வாரும் பணிக்கு வீட்டுக்கு ஒருவர் வர ஊர்க்கூட்டத்தில் ஒப்புக்கொண்டுள்ளோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்