தொழில் மையத்தாருக்கும் துணை நின்றவர்களுக்கும் நன்றி மடல்

சிறு தொழில் தொடங்குவோருக்கு வழிகாட்டி மானியத்துக்கும் ஏற்பாடு செய்யும் மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர் முதல் தபால் பிரிவில் முத்திரை குத்துபவர் வரை, வங்கி மேலாளர்கள், மின்வாரியப் பொறியாளர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், ஆடிட்டர்கள் அனைவருக்கும் வணக்கம். காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரங்களில் சிறு தொழில் நடத்தும் நாங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது.

மானியம் வாங்கித் தந்ததற்கான நன்றி என்று மட்டும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். கைக்காசு இறங்குவதற்கு முன்பே "இது வேண்டாம், இப்படிச் செய்யாதீர்கள்" என்று கவுன்டரிலேயே நிறுத்திச் சொன்னீர்களே, முதல் நன்றி அதற்குத்தான்.

மாவட்டத் தொழில் மையம் என்ற ஏற்பாடு 1978இல் நாடு முழுவதும் வந்தது. அப்போது அரக்கோணம் முதல் செங்கம் வரை ஒரே வடாற்காடு மாவட்டம். 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019 நவம்பர் 28 அன்று ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. இரண்டிலும் தனித்தனியே தொழில் மையம் வந்தது. சிப்காட் தொழிற்பேட்டையும் பெல் ஆலையும் ராணிப்பேட்டைக்குப் போயின. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழில் திருப்பத்தூருக்குப் போயிற்று. பெரிய ஆலைகளின் பெரும்பகுதி கைவிட்டுப் போன வேலூருக்குச் சிறு தொழிலை விட்டால் வேறு பெரிய ஆதாரம் கிடையாது என்பது எங்கள் கணிப்பு. அதனால்தான் இங்குள்ள அலுவலகம் எப்படி நடக்கிறது என்பது எங்களுக்கு இவ்வளவு முக்கியம்.

புது அலுவலகம் என்றால் திறப்பு விழாப் படம் மட்டும் நினைவுக்கு வரும். அதற்குப் பின்னால் நடக்கும் வேலை வெளியே தெரியாது. பணியிடங்களுக்கு அரசாணை வேண்டும். சம்பளமும் செலவும் எடுக்கக் கருவூலத்தில் தனிக் கணக்கு வேண்டும். இணையதளத்தில் மாவட்டப் பெயரும் அதன் கீழ் வட்டங்களும் ஏற வேண்டும், இல்லாவிட்டால் மனு பழைய மாவட்டத்தின் பெட்டியிலேயே போய் விழும். எல்லாவற்றையும் விடக் கடினம் கோப்பு பிரிப்பது. தொழிற்கூடம் ஆம்பூரில், கடன் கொடுத்த கிளை வேலூரில், மனுதாரர் வீடு குடியாத்தத்தில் என்றால் அந்தக் கோப்பு எங்கே போகும்? தொழிற்கூடம் எந்த வட்டத்தில் நிற்கிறதோ அங்கே போவதுதான் சரி. ஆய்வுக்குப் போக வேண்டியவர் அந்த ஊர் அலுவலர்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியம் நேராகக் கைக்கு வராது. வங்கியில் மனுதாரர் பெயரில் மூன்று ஆண்டு வைப்பாக இருக்கும். அந்த வைப்புக்கு வட்டி இல்லை, அதே அளவு கடனுக்கும் வட்டி இல்லை. மூன்று ஆண்டு முடிந்து, தொழில் நடப்பதை நேரில் பார்த்துச் சான்று வந்த பிறகே கடனில் கழிப்பார்கள். 2017, 2018இல் அனுமதியானவற்றுக்கு அந்தக் கெடு மாவட்டம் பிரிந்த பின்புதான் முடிந்தது. அனுமதித்தது பழைய மாவட்டம், தொழிற்கூடம் நிற்பது புது மாவட்டத்தில். கோப்பில் ஒரு தாள் இடம் மாறினாலும் வங்கி கழிக்காது. கட்டுக்கட்டாகக் கோப்புகளைப் பிரித்து, பதிவேட்டில் வரிசை எண் எழுதி அனுப்பிய எழுத்தர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இருக்காது. அவர்களுக்கு எங்கள் தனி வணக்கம்.

அடுத்து, திட்டத்தைப் பொருத்திக் கொடுத்தவர்களுக்கு. 15 லட்சம் வரையிலான சிறு திட்டம் என்றால் மாநில அரசின் வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டம்: 25 சதவீத மானியம், அதிகபட்சம் 3.75 லட்சம். பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு மேலோ படித்து, 10 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை போடுகிறவருக்கு நீட்ஸ் (NEEDS) என்ற மாநில அரசின் புதிய தொழில்முனைவோர் திட்டம்: 25 சதவீதம், உச்சவரம்பு 75 லட்சம், அதோடு 3 சதவீத வட்டிச் சலுகை. பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம்: 35 சதவீத மானியம், 6 சதவீத வட்டிச் சலுகை. இந்த ஒப்பீட்டைத் தாளில் எழுதிக் காட்டாமல் கையில் கிடைத்த விண்ணப்பத்தை நீட்டியிருந்தால் பலர் குறைந்த மானியத்தோடு நின்றிருப்பார்கள்.

முகவரி விஷயமும் அப்படித்தான். பிரதமர் திட்டத்தில் சிறப்புப் பிரிவினருக்குக் கிராமத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25. பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் எல்லோரும் சிறப்புப் பிரிவுதான், ஆக நம் பக்கம் பெரும்பாலோர் அதில் வந்துவிடுவார்கள். காட்பாடியும் சத்துவாச்சாரியும் வேலூர் மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டதால் நகரக் கணக்கு. பத்து லட்சம் ரூபாய் திட்டத்தில் இடம் மாறினால் ஒரு லட்சம் வித்தியாசம். வாடகை ஒப்பந்தம் போடும் முன் இதைச் சொன்னவர் செய்தது சின்ன உதவி இல்லை.

திட்ட அறிக்கையைப் பென்சிலோடு படித்த தொழில் கூட்டுறவு அலுவலர்களை மறக்க முடியாது. வங்கியில் மனு நிற்பது பெரும்பாலும் அங்கேதான். மெஷின் கோட்டேஷன்களைக் கூட்டினால் 12 ஹெச்.பி. வரும், அறிக்கையில் மின் பளு 5 ஹெச்.பி. என்று இருக்கும். வேறொருவர் அறிக்கையை அப்படியே நகலெடுத்த அடையாளம் அது. கோட்டேஷனில் ஜி.எஸ்.டி. எண் இருக்காது. நிலத்தின் விலையைத் திட்டச் செலவில் சேர்த்திருப்பார்கள், பிரதமர் திட்டத்தில் நிலத்துக்கு இடமில்லை. கடன் அனுமதிக்கு முன்பே மெஷினுக்கு முழுப் பணம் கட்டி இறக்கியும் வைத்திருப்பார்கள். ஏற்கெனவே ஓடும் தொழிலுக்குப் புதுத் தொழில் மானியம் கிடையாது என்பதால், அந்த அவசரம் மனுவையே கவிழ்த்துவிடும்.

நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு, கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான பணம் பற்றி ஒரு வங்கி மேலாளர் சொன்னதை இங்கே எழுதிவைக்கிறோம், பலருக்கும் தெரியாதது இது. மானியத்தைக் கூட்டிக் காட்டுவதற்காக நடைமுறை மூலதனத்தை ஊதிக் காட்டக் கூடாது. மூன்று ஆண்டுக்குள் ஒருமுறையாவது கேஷ் கிரெடிட் (அந்த அன்றாடச் செலவுக்கு வங்கி தரும் சுழல் கடன்) வரம்பு முழுவதும் எட்ட வேண்டும், பயன்பாடும் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த விகிதத்துக்கு மானியம் திரும்பப் போகும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரோடு எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழைய மனத்தாங்கல் உண்டு, மறைப்பானேன். ஆனால் பாலாறு பட்ட பாடு நாம் அறிந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இந்த மண்ணின் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில்தான் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாக மாசுபடுத்தும் தொழில் கூடாது என்று 1989ஆம் ஆண்டு அரசாணையே இருக்கிறது. பட்டாவில் உள்ள புல எண்ணை வைத்துத் தூரத்தைப் பார்த்து, முன்பணம் கொடுக்கும் முன்பே "இந்த இடம் ஆகாது" என்ற பொறியாளருக்கு நன்றி. இன்னொன்றும் அவர்கள்தான் கற்றுத் தந்தார்கள்: விண்ணப்பத்தில் வெறுமனே "லெதர்" என்று எழுதக் கூடாது. பதனிடுவது சிவப்பு வகை, அதாவது அதிகம் மாசுபடுத்தும் தொழில் என்று வாரியம் பிரித்து வைத்திருப்பது. பதனிட்ட தோலை வாங்கி வெட்டி, ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் அந்த வகையில் வராது. வேலையை விரித்து எழுதினால் மாதக்கணக்கான அலைச்சல் மிச்சம்.

மின்வாரியத்தாருக்கு: தாழ்வழுத்த இணைப்புக்கு மின் பளுவில் ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் உயரழுத்தம், சொந்த டிரான்ஸ்பார்மர், வேறு செலவு. எதிர்கால மெஷின்களையும் சேர்த்துக் கேட்டு ஒரே தடவையில் பளு எழுத வைத்தீர்கள்.

விற்ற சரக்குக்குப் பணம் வசூலிப்பதில் துணை நின்றவர்களைக் கடைசியில் சொல்வதால் சிறியது என்று அர்த்தமில்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, எழுதிய ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதந்தோறும் அசலோடு சேரும். ஆனால் இந்தப் பாக்கி வழக்குகளை விசாரிக்கும் வசதியாக்கல் மன்றத்தில் மனு நிற்க வேண்டுமென்றால் சரக்கு அனுப்புவதற்கு முன்பே உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் இணையப் பதிவு) பதிவு இருக்க வேண்டும். டெலிவரி சலானில் வாங்கியவர் கையெழுத்தும் தேதியும் வேண்டும். வாங்கி விற்கும் கடைக்காரர்களுக்கு 2021 முதல் உத்யம் உண்டு என்றாலும் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும், இந்த வட்டி உரிமை அவர்களுக்கு இல்லை. இதைத் தெளிவாகச் சொன்ன ஆடிட்டர்களுக்கும், உத்யம் பதிவுக்குக் கட்டணமே இல்லை என்று சொல்லி இடைத்தரகரிடம் போகாமல் தடுத்த இ-சேவை மையத்துப் பெண்களுக்கும் மிக்க நன்றி.

ஒரே ஒரு வேண்டுகோள். கிராமக் கணக்கில் வரும் ஊராட்சிகளின் பட்டியலையும், வாரத்தில் எந்த நாள் எந்த அலுவலர் இருக்கையில் இருப்பார் என்பதையும் அலுவலக முகப்பில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். பேரணாம்பட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு ஒரு நாள் கூலி மிஞ்சும். பலகைச் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரச் சிறு தொழில் செய்வோர்