ஆற்றோர வீட்டுக்காரர்களுக்கு: ஞாயிறு காலை 10 மணி, மொட்டை மாடியில் கூட்டம்

அனைவருக்கும் வணக்கம். "நம்ம வீடு கடற்கரையிலா இருக்கு, சி.ஆர்.இசட். நமக்கு எதுக்கு?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். சி.ஆர்.இசட். என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலம், கட்டடம் கட்டக் கட்டுப்பாடு உள்ள பகுதி. அடையாறு முகத்துவாரத்தில் கடல்நீர் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்றம் எட்டும் தூரம்வரை ஆற்றங்கரையும் கடலோர ஒழுங்குமுறை மண்டலம்தான். எதுவரை என்பதைக் கோடையில் எடுக்கும் உப்பு அளவு சொல்லும்: ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம் எல்லை.

மத்திய அரசின் 2011 சி.ஆர்.இசட். அறிவிக்கையில் கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அதுவரை மண்டலம். 2019 அறிவிக்கை அந்த 100ஐ 50 ஆக்கியது. எனக்கு இதில் மகிழ்ச்சியில்லை. 2015 டிசம்பரில் வெள்ளம் மீட்டர் கணக்குப் பார்த்தா வந்தது?

அப்புறம், மண்டலத்துக்கு வெளியே என்றால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ஆற்றை ஒட்டிய மனை என்றால் வெள்ள அபாயம் குறித்து நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள்.

மாடி எடுக்க நினைப்பவர்கள் பட்டா நகலும் சர்வே எண்ணும் கொண்டு வாருங்கள். கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் அவரவர் மனையைத் தேடிப் பார்த்துவிடலாம். கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுப்பதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.