சேரன்மாதேவிப் பந்தி

கோண்டாவில்,
யாழ்ப்பாணம்.

அன்பின் குலம்,

நலம். உமது நலமும் பிள்ளைகளின் நலமும் அறிய ஆவல். தம்பிராசா மாஸ்ரருக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் அவர் முதலில் விசாரித்தது மல்லாகம் சந்தியில் நீர் போட்டுவிட்டு ஓடிய சைக்கிளைப் பற்றித்தான். மற்றச் செய்திகள் இருக்கட்டும். இந்திய விடுதலைப் போராளி வ.வே.சு. ஐயரைப் பற்றி உம்மோடு மனம்விட்டுக் கதைக்க வேண்டியிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எமது சனசமூக நிலையத்தில் ஐயரைப் பற்றி நான் பேசுகிறேன். என் குறிப்புகளை வாசித்த நிர்வாக சபைக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, "அந்தச் சாப்பாட்டுக் கதையை விடுங்கோ மாஸ்ரர், வேஷம் போட்டுத் தப்பின கதையைச் சொல்லுங்கோ, பெடியள் விரும்பிக் கேப்பாங்கள்" என்றார். படலையைப் பிடித்தபடி இதைச் சொல்லி முடிக்கும்வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சென்ற மாதம் இங்கே ஒரு கோயில் அன்னதானத்தில் சில குடும்பத்தாரை மட்டும் மடத்தின் பின் தாழ்வாரத்தில் இருத்திச் சோறு போட்டதை அவரும் கண்டவர், நானும் கண்டவன்.

தப்பிய கதையையும் சொல்லத்தான் போகிறேன். 1881இல் திருச்சி வரகனேரியில் பிறந்தவர், இலண்டனுக்குப் பாரிஸ்டர் படிக்கப் போய், இந்தியப் புரட்சிக்காரர் கூடிய இந்தியா ஹவுஸ் விடுதியில் சாவர்க்கரோடு சேர்ந்து, படிப்பு முடிந்த பிறகு பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்துப் பட்டத்தையே உதறினார். 1910இல் சாவர்க்கர் கைதான பின் பாரிஸ் வழியாகப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். வழியில் பெட்டியிலிருந்த வி.வி.எஸ். என்ற எழுத்துக்களைக் காட்டித் துருவிய ஒற்றனிடம், தன் பெயர் வீர் விக்ரம் சிங் என்று கூசாமல் சொன்னாராம். பாரதியும் அரவிந்தரும் இருந்த அந்தப் பட்டினத்தில் இளைஞர்களுக்குத் துப்பாக்கி பழக்கினார். 1911 ஜூன் மாதம் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனும் அவரிடம் பழகியவன். அதே மனிதர் 1916இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார், பின்னர் காந்தியின் வழிக்கு வந்தார், தேசபக்தன் பத்திரிகைக்காகப் பெல்லாரிச் சிறைக்குப் போய் அங்கே கம்பனை ஆராய்ந்தார்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது திருநெல்வேலிப் பக்கத்துச் சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலம்தான். தாய்மொழிக் கல்வியும் உடலுழைப்பும் சேர்ந்தால்தான் நாட்டுக்கு வேண்டிய பிள்ளைகள் உருவாவார்கள் என்று நம்பி அதைத் தொடங்கினார். காங்கிரஸ் பத்தாயிரம் ரூபா தருவதாக ஒப்புக்கொண்டு ஐயாயிரத்தைக் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே சாப்பாடு பரிமாறப்பட்டது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் வீட்டில் போய் இதைச் சொல்ல, விடயம் வெளியே வந்தது. அந்த இருவரின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்று ஐயர் நின்றார். பொதுப் பணத்தில் நடக்கும் இடத்தில் பிறப்பால் பந்தி பிரிப்பதா என்று காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான வரதராஜுலு நாயுடு கேட்டார். மீதி ஐயாயிரத்தைக் கொடுக்க, அப்போது காங்கிரஸில் இருந்த பெரியார் மறுத்தார். ஏற்கெனவே இருக்கும் அந்த இருவரும் தனியே உண்ணட்டும், இனிமேல் அப்படி எவரையும் சேர்க்கக் கூடாது என்று காந்தி சொன்ன சமாதானமும் எடுபடவில்லை. 1925இல் ஐயர் பொறுப்பை விட்டு விலகினார். அந்த ஜூன் மாதமே பாபநாசம் அருவியில் விழுந்த மகள் சுபத்திரையைக் காப்பாற்றப் போய் அவரும் மாண்டார். அவருக்கு வயது 44.

போன முறை தொலைபேசியில், "ஐயர் கடைசியில் ஐயர்தானே" என்று நீர் ஒரே வரியில் முடித்துவிட்டீர். அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியாது, குலம். அவர் சாதித்திமிர் கொண்டவராக இருந்திருந்தால் இந்தக் கதையில் யோசிப்பதற்கே ஒன்றும் இராது. பேரரசின் முன் ஒரு சொல் சொல்ல மறுத்து வாழ்க்கையையே பணயம் வைத்தவர், தனக்கு வேண்டிய இரண்டு வீட்டாரிடம் "முடியாது" என்று சொல்லத் தயங்கினார். முதலில் விடுதலை, வீட்டு வழக்கம் பிறகு மெல்ல மாறும் என்ற எண்ணம் அந்தக் காலத் தலைவர்கள் பலரிடம் இருந்தது. அந்த எண்ணத்துக்கு விலை கொடுத்தவை மற்றப் பந்தியில் இருந்த பிள்ளைகள்.

நமது மண்ணில் நடந்ததையும் இதோடு வைத்துப் பாரும். சேரன்மாதேவியில் பூசல் மூண்டிருந்த 1924இன் கடைசியில்தான் ஹண்டி பேரின்பநாயகமும் தோழர்களும் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரசைத் தொடங்கினார்கள். பிறகு அதுவே வாலிபர் காங்கிரஸ். இந்திய விடுதலைப் போரை வியந்து 1927இல் காந்தியை இங்கே அழைத்து வந்தவர்கள், சாதி ஒழிப்பைச் சுயராச்சியத்துக்குப் பிறகு என்று தள்ளி வைக்கவில்லை. தரையில் இருந்து படித்த பிள்ளைகளுக்கும் வாங்கு கொடுக்க வேண்டும் என்ற சம ஆசனம் வந்தபோது இந்தக் குடாநாட்டில் பாடசாலைகளையே கொளுத்தினார்கள். 1968இல் மாவிட்டபுரத்தில் உள்ளே போக உரிமை கேட்டுக் கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களை நீரும் நானும் சின்னப் பெடியளாய்ப் போய்ப் பார்த்தோம். இவ்வளவும் நடந்த ஊரில், அன்னதானத் தாழ்வாரத்தைப் பற்றிப் பேசாமல் தப்பிய கதை மட்டும் சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. பேச்சில் பாதி நேரத்தைக் குருகுலத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். நிர்வாகத்துக்கும் அதைச் சொல்லிவிட்டேன். கூட்டத்தை நிறுத்துவதானால் அவர்களே நிறுத்தட்டும்.

நீர் மறுப்பதானால் வைபரில் ஒரு வரி போடாமல், காரணத்தோடு விரிவாகக் கடிதம் எழுதும். பெரியாரின் பக்கம் நின்று நீர் வாதாடினால் அதையும் அந்த மேடையில் வாசிக்கிறேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லும்.

என்றும் உமது,
சிவம்