தவிட்டு மூட்டையும் தாது உப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வைக்கோலை நம்பி மாடு வளர்க்கும் ஊர்களில் அடிக்கடி நடப்பது இது. கன்று ஈன்று இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள், நன்றாகக் கறந்துகொண்டிருந்த மாடு திடீரென்று காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் மூத்திரம் விடும். பால் பாதியாகக் குறையும். கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தால் வெளிறியிருக்கும். பெரும்பாலும் அது மூன்றாம் ஈற்றைத் தாண்டிய, வீட்டிலேயே அதிகம் கறக்கிற மாடாக இருக்கும். "உடம்பு சூடு" என்று இளநீரும் வெந்தயமும் கொடுத்து இரண்டு நாள் போய்விடும். அந்த இரண்டு நாள்தான் மாட்டின் உயிர்.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். மூத்திரத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் சிறுநீரகத்திலோ சிறுநீர்ப்பையிலோ ரத்தக் கசிவு. மேலிருந்து அடிவரை ஒரே நிறமாக நின்றால், ரத்தச் சிவப்பணுக்கள் உடலுக்குள்ளேயே உடைந்து அவற்றின் சாயம் இறங்குகிறது என்று பொருள். இதற்கு முக்கியமான காரணங்கள் இரண்டு. ஒன்று உண்ணிக் காய்ச்சல். அதில் 104 முதல் 106 டிகிரி வரை காய்ச்சல் அடிக்கும். காய்ச்சல் பெரிதாக இல்லை, மாடு கன்று ஈன்று சில வாரம்தான் ஆகிறது என்றால் பாஸ்பரஸ் பற்றாக்குறையைச் சந்தேகிக்க வேண்டும். ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதி செய்ய முடியும். எனவே பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்கு அழைத்துவிடுங்கள்.

சிவப்பணு உருக்குலையாமல் இருக்கத் தேவையான சக்தியை உண்டாக்கப் பாஸ்பரஸ் வேண்டும். மாட்டின் ரத்தநீரில் 100 மில்லிக்கு 4 முதல் 7 மில்லிகிராம் வரை இருக்க வேண்டியது இந்த நோயில் ஒன்று, ஒன்றரை என்று இறங்கிவிடும். அணுக்கள் உப்பி, உறை பலவீனமாகி வெடிக்கின்றன. மருத்துவர் சோடியம் ஆசிட் பாஸ்பேட்டைக் கரைத்து ரத்தக் குழாயில் ஏற்றுவார். ரத்தம் மிகவும் குறைந்திருந்தால் வேறு மாட்டின் ரத்தத்தையும் ஏற்ற வேண்டிவரும். இரும்புச்சத்து ஊசி பிறகு தேறுவதற்கு உதவுமே தவிர, அணு உடைவதை நிறுத்தாது. வயலுக்கு வாங்கிய சூப்பர் பாஸ்பேட்டைக் கரைத்து ஊற்றுவது ஆபத்து; அதில் புளூரின் இருக்கிறது.

பற்றாக்குறை எங்கிருந்து வருகிறது? கணக்குப் போட்டால் தெரியும். ஒரு லிட்டர் பாலோடு ஏறக்குறைய ஒரு கிராம் பாஸ்பரஸ் வெளியே போகிறது. பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்குத் தீவனத்தில் நாளொன்றுக்கு முப்பது கிராமுக்குக் குறையாமல் வேண்டும். ஆறு கிலோ வைக்கோல் தின்றாலும் அதிலிருந்து ஐந்தாறு கிராம்தான் கிடைக்கும். வைக்கோலில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மீதியைத் தவிடும் புண்ணாக்கும் தாது உப்பும்தான் ஈடுகட்ட வேண்டும். விலை ஏறியது என்று அடர் தீவனத்தைக் குறைத்துவிட்டு, ஈடாகக் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுகிறார்கள். டானிக் பாட்டிலில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்: 100 மில்லியில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று பார்த்துவிட்டு, மேலே சொன்ன முப்பது கிராமோடு ஒப்பிடுங்கள்.

மாடு முன்கூட்டியே சொல்லவும் செய்கிறது. மண் நக்கும், சாக்கைக் கடிக்கும், கட்டுத்தறிக் குச்சியை மெல்லும், பக்கத்து மாட்டின் மூத்திரத்தை நக்கும். குடற்புழுவாலும் இப்படிச் செய்யும் என்பதால் முதலில் புழு நீக்க மருந்து கொடுங்கள். அதன் பிறகும் நிற்கவில்லை என்றால் தாது உப்புக் குறைவுதான். எலும்பைக் கடிக்கும் மாட்டை வேடிக்கை பார்க்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் மேய்ச்சல் நிலத்தில் பாஸ்பரஸ் இல்லாததால், செத்த விலங்குகளின் எலும்பைத் தின்ற மாடுகள், அதிலிருந்த பாக்டீரிய நஞ்சால் கால் விழுந்து இறந்ததை 1920-களையொட்டி கால்நடை மருத்துவ விஞ்ஞானி ஆர்னால்டு தெய்லர் கண்டறிந்தார்.

கறவை மாட்டுக்கு நாளைக்கு 50 கிராம் தாது உப்புக் கலவை போதும். வாங்கும்போது பையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சோற்றுப்பு சேராத கலவைக்கு இந்தியத் தர அளவு பாஸ்பரஸ் 12 சதவீதம், கால்சியம் 20 சதவீதம், புளூரின் 0.07 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாஸ்பரஸ் அளவையே அச்சிடாத மலிவுப் பை பெரும்பாலும் சுண்ணாம்புத் தூள்தான். கலவையைக் கழுநீர்த் தொட்டியில் போடாதீர்கள். அதிலுள்ள டைகால்சியம் பாஸ்பேட் தண்ணீரில் கரையாது. மாடு குடித்து முடித்த தொட்டியைக் கையால் வழித்துப் பாருங்கள், அடியில் வெள்ளையாகச் சேறு போல இருக்கும். உங்கள் காசு அங்கேதான் கிடக்கிறது. லேசாக ஈரமாக்கிய தவிட்டில் பிசறி வைத்தால் முழுவதும் உள்ளே போகும். சோற்றுப்பு 30 கிராம் தனியாக.

"பாஸ்பரஸ் நல்லது" என்று இதைப் படித்துவிட்டு ஆட்டுக் கொட்டகைக்குத் தவிட்டு மூட்டையைத் தூக்கிப் போகாதீர்கள். அங்கே கதை தலைகீழ். ஒரு கிலோ அரிசித் தவிட்டில் பாஸ்பரஸ் 13 கிராமுக்கு மேல், கால்சியமோ ஒரு கிராம் அளவுதான். பரண்மேல் ஆடு வளர்ப்பில் கிடாக்களைத் தவிடும் தானியமும் போட்டுக் கொழுக்க வைக்கும்போது மிஞ்சிய பாஸ்பரஸ் மூத்திரத்தில் இறங்கிக் கல்லாகிறது. பெட்டைக்கு மூத்திரக் குழாய் அகலம், வெளியேறிவிடும். கிடாவுக்குக் குழாய் வளைந்து, நுனியில் புழுப்போல மெலிந்து முடிவதால் அங்கே அடைக்கும். மிகச் சிறு வயதில் காயடித்த குட்டிகளில் குழாய் பருக்காமலேயே நின்றுவிடுவதால் இன்னும் மோசம். குறி முடியில் மணல் போல வெள்ளைத் துகள் ஒட்டியிருப்பது முதல் அடையாளம். பிறகு முக்கும், கத்தும், வாலை ஆட்டிக்கொண்டே நிற்கும். இதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள். அதற்குள் சிறுநீர்ப்பை வெடித்து வயிறு வீங்கிவிடுகிறது.

கிடாத் தீவனத்தில் கால்சியம் இரண்டு பங்கு, பாஸ்பரஸ் ஒரு பங்கு இருக்க வேண்டும். தவிட்டைக் குறைத்து அகத்தி, வேலிமசால், சூபாபுல் போன்ற கால்சியம் மிகுந்த தழைகளைக் கூட்டுங்கள். தவிடு போட்டே ஆக வேண்டுமென்றால் நூறு கிலோ அடர் தீவனத்துக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ சுண்ணாம்புக்கல் தூள், மருத்துவரைக் கேட்டு அரை முதல் ஒரு கிலோ அம்மோனியம் குளோரைடு. பகலெல்லாம் தொட்டியில் சுத்தமான தண்ணீர் இருக்கட்டும். மழையிலும் குளிரிலும் ஆடு குறைவாகத்தான் குடிக்கும். அப்போது தண்ணீரை வெதுவெதுப்பாக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர்,
மன்னார்குடி.